மும்தாஜ் ஜஹான்: குடும்பத்தைச் சுமந்த சிறுமி மதுபாலாவான கதை

மதுபாலா என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 'முகலே ஆஸம்' படத்தின் அனார்கலிதான் நினைவுக்கு வருவார். கையிலும் காலிலும் இரும்புச் சங்கிலியோடு பேரரசர் அக்பருக்கு முன்னால் நிற்கும் அந்தப் பெண்ணின் உருவம், அறுபது ஆண்டுகள் கடந்தும் மறக்கப்படவில்லை. படத்துக்காகப் பூட்டப்பட்ட அந்தச் சங்கிலிகள் உண்மையான இரும்பினால் ஆனவை. அவற்றைச் சுமந்து நின்ற பெண்ணுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

ஏழு வயதில் குடும்பத்துக்காகச் சம்பாதிக்கத் தொடங்கியவர் அவர். 36 வயது நிறைந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தபோது காலமானார். இடைப்பட்ட காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். இந்தியாவின் மிகப் பிரபலமான பெண்களில் ஒருவராக வாழ்ந்தார். அந்தப் புகழைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு சிறுமி இருந்தாள். இந்தக் கட்டுரை அதிகமும் அவளைப் பற்றியது.

வருமானம் நின்ற வீடு

1933 பிப்ரவரி 14 அன்று டெல்லியில் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் மும்தாஜ் ஜஹான் பேகம். தந்தை அதாவுல்லாஹ் கான், பெஷாவர் சமவெளியைச் சேர்ந்த பஷ்தூன். தாய் ஆயிஷா பேகம். பதினொரு பிள்ளைகளில் மும்தாஜ் ஐந்தாவது. அவர்களில் பலர் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள். வளர்ந்து ஆளானவர்கள் பெண் பிள்ளைகள்தான்.

தந்தை இம்பீரியல் புகையிலைக் கம்பெனியில் வேலை பார்த்தார். கண்டிப்பானவர், பழமையில் ஊறியவர். மகள்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. உருதுவும் தாய்மொழியான பஷ்தூவும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். சம்பளம் வந்துகொண்டிருந்த வரையில் குடும்பம் ஓடியது.

1940 வாக்கில் அந்த வேலை போயிற்று. வீட்டில் பல வாய்கள், வருமானம் எதுவும் இல்லை. நடுவில் நன்றாகப் பாடும் ஒரு பெண் குழந்தை இருந்தாள். மும்தாஜ் டெல்லி வானொலி நிலையத்தில் பாடத் தொடங்கினாள். இசையமைப்பாளர் குர்ஷித் அன்வரின் பாடல்களை அங்கே பாடினாள். அந்த வானொலி நிலையத்தில்தான் பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தின் நிர்வாகி ராய் பகதூர் சுன்னிலாலின் கவனம் அவள்மேல் விழுந்தது. குழந்தையை பம்பாய்க்கு அழைத்து வரும்படி அவர் தந்தைக்கு யோசனை சொன்னார்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடாது என்று நினைத்த ஒரு தந்தை, அதே பெண் பிள்ளையை சினிமா ஸ்டுடியோவுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். இன்று அவரைக் குறை சொல்வது எளிது. கையில் காசில்லாத வீட்டில் கொள்கைகள் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பது, அந்த நிலையைக் கண்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டதும் வேலை சுமத்தப்பட்டதும் ஒரே குழந்தையின்மேல்தான்.

பேபி மும்தாஜ்

1941-ல் குடும்பம் பம்பாய்க்குப் போனது. பாம்பே டாக்கீஸ் இருந்த மலாட் பகுதியில் மிக எளிய இருப்பிடம் ஒன்றில் தங்கினார்கள். 1942-ல் வெளிவந்த 'பசந்த்' படத்தில் மும்தாஜ் குழந்தை நட்சத்திரமாக நடித்தாள். சம்பளம் 150 ரூபாய். படம் நன்றாக ஓடியது. ஆனால் ஸ்டுடியோவுக்கு அடுத்து குழந்தை நட்சத்திரம் தேவைப்படவில்லை. ஒப்பந்தம் முடிந்தது. குடும்பம் மறுபடியும் டெல்லிக்கே திரும்பியது.

1944-ல் மீண்டும் பம்பாய். அங்கே தந்தையும் மகளும் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக வாய்ப்புக் கேட்டு ஏறி இறங்கினார்கள். சந்துலால் ஷாவின் ரஞ்சித் மூவிடோன் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. வாடகைக்கு ஒரு வீடும் அமைந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சு மூட்டைகளும் ஏற்றி நின்ற 'ஃபோர்ட் ஸ்டைகின்' என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அதாவுல்லாஹ் கானின் குடும்பமும் வீட்டை இழந்தது. அந்த நேரத்தில் எல்லோரும் சினிமா பார்க்கப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். இருந்த கொஞ்சநஞ்சமும் போன பிறகு, குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே வருமானம் பதினொரு வயது மகளின் சம்பளம்தான்.

'மும்தாஜ் மஹல்', 'ராஜ்புதானி', 'புல்வாரி' என்று அடுத்தடுத்த படங்களில் அவள் 'பேபி மும்தாஜ்' என்ற பெயரில் நடித்துக்கொண்டே இருந்தாள். வீட்டு வாடகையும், தங்கைகளின் சாப்பாடும், தாயின் மருந்தும் அந்தச் சிறுமியின் உழைப்பில் நடந்தன.

மும்தாஜ் மதுபாலா ஆனது

1947-ல் இயக்குநர் கேதார் சர்மா தம்முடைய 'நீல் கமல்' படத்தில் அவரைக் கதாநாயகியாக்கினார். கதாநாயகனாக நடித்தவர் ராஜ் கபூர். அப்போது மும்தாஜுக்கு வயது 14. இந்தக் காலத்தில்தான், பாம்பே டாக்கீஸை நடத்திய தேவிகா ராணியின் யோசனைப்படி, மும்தாஜ் என்ற பெயர் மதுபாலா என்று மாறியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து 1949-ல் 'மஹல்' வெளிவந்தது. கமால் அம்ரோஹி இயக்கிய முதல் படம் அது. குழந்தையாக இருந்தபோது தன்னைத் தேவையில்லை என்று அனுப்பிய அதே பாம்பே டாக்கீஸின் படத்தில், அசோக் குமாருக்கு ஜோடியாக மதுபாலா நடித்தார். பாழடைந்த மாளிகையில் ஊஞ்சலாடும் மர்மப் பெண்ணாக அவர் தோன்றிய காட்சியும், அதற்கு லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டும் இருவரையுமே நாடறியச் செய்தன. மதுபாலாவுக்கு அப்போது வயது 16.

அதன்பிறகு புகழ் வேகமாக வளர்ந்தது. 1951-ல் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகைக்காக ஜேம்ஸ் பர்க் அவரைப் புகைப்படம் எடுத்தார். 1952-ல் 'தியேட்டர் ஆர்ட்ஸ்' என்ற அமெரிக்க இதழ், உலகின் மிகப் பெரிய நட்சத்திரம் ஹாலிவுட்டில் இல்லை, இந்தியாவில் இருக்கிறார் என்ற பொருளில் அவரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மதுபாலா, பதினேழு வயதை ஒட்டி சுசீலா ராணி படேலிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். சில மாதங்களில் சரளமாகப் பேசத் தொடங்கியதாகச் சொல்வார்கள். வாய்ப்புக் கிடைத்திருந்தால் அந்தக் குழந்தை எப்படிப் படித்திருக்கும் என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

சம்பாத்தியத்தில் ஒரு பகுதி தர்மத்துக்கும் போனது. 1950-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளின் நிவாரணத்துக்கு அவர் 50,000 ரூபாய் கொடுத்தார். அன்றைய மதிப்பில் அது மிகப் பெரிய தொகை. வீடிழந்து நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் கொடுத்த பணம் அது.

தந்தையின் கட்டுப்பாடுகள்

மகள் நட்சத்திரமான பிறகும் அதாவுல்லாஹ் கானின் பிடி தளரவில்லை. எந்தப் படத்தில் நடிப்பது, என்ன சம்பளம், எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். இரவுப் படப்பிடிப்பு கூடாது, விருந்துகளுக்குப் போகக்கூடாது, பத்திரிகைக்காரர்கள் விருப்பம்போல் வந்து பார்க்கக்கூடாது. மதுபாலா வெளியே போகும்போது புர்கா அணிந்து போவார். படப்பிடிப்புக்குக் குறித்த நேரத்தில் வந்துவிடுவார் என்ற நல்ல பெயர் கடைசிவரை அவருக்கு இருந்தது. ஹாலிவுட் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா இந்தியா வந்தபோது அவரை அங்கே அறிமுகப்படுத்த விரும்பினார். தந்தை சம்மதிக்கவில்லை.

சினிமா உலகம் அவரைப் பேராசைக்காரர் என்று ஏசியது. குடும்பத்தினர் அவரைப் பாதுகாவலராகவே நினைவுகூர்ந்தார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். இளம் பெண் நடிகைகளை எளிதில் சுரண்டிய ஓர் உலகத்தில் அவர் மகளுக்கு வேலியாக நின்றார். அந்த வேலிக்குள்ளே இருந்தவரின் வருமானத்தில்தான் அவரும் வாழ்ந்தார். மதுபாலாவின் பெயரில் அவர் சொந்தமாகப் படமெடுக்கவும் இறங்கினார். 1955-ல் வந்த 'நாதா' தோல்வியடைந்து பெரும் நஷ்டத்தைக் கொடுத்தது. அந்த நஷ்டத்தையும் மகள்தான் உழைத்து ஈடுகட்ட வேண்டியிருந்தது.

சென்னையில் வெளிப்பட்ட நோய்

1954-ல் ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன் எடுத்த 'பஹுத் தின் ஹுவே' என்ற இந்திப் படத்தில் நடிக்க மதுபாலா சென்னை வந்திருந்தார். படப்பிடிப்பின் நடுவே இருமி இரத்த வாந்தி எடுத்தார். வாசனும் அவருடைய மனைவியும் அவரைத் தங்கள் பொறுப்பில் வைத்துக் கவனித்துக்கொண்டார்கள். ஓய்வுக்குப் பிறகு அவர் படத்தை முடித்துக்கொடுத்தார்.

மதுபாலாவுக்கு இருந்தது பிறவி இதயநோய். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவரில் ஓட்டை. ஓட்டை பெரிதாக இருந்தால், உடலுக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி அழுத்தத்தோடு நுரையீரலுக்குத் திரும்புகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுகிவிடுகின்றன. பின்னர் ஓட்டம் திசைமாறி, ஆக்சிஜன் குறைந்த இரத்தம் உடலுக்குள் போகத் தொடங்குகிறது. மூச்சு வாங்கும், இருமலில் இரத்தம் வரும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஓட்டையை அடைப்பதில் பலனில்லை.

மதுபாலா சென்னையில் இரத்த வாந்தி எடுத்த அதே 1954-ல்தான் உலகத்திலேயே முதன்முறையாக இப்படிப்பட்ட ஓட்டை அறுவை சிகிச்சையில் அடைக்கப்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் வால்டன் லில்லஹை மார்ச் மாதம் அதைச் செய்தார். குழந்தையின் இரத்த ஓட்டத்தைப் பெற்றோரில் ஒருவரின் இரத்த ஓட்டத்தோடு இணைத்து, அவருடைய இதயத்தையும் நுரையீரலையும் குழந்தைக்குக் கடன் கொடுத்து நடந்த சிகிச்சை அது. பம்பாயில் ஓயாமல் நடித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பெண்ணுக்கு அது எட்டாத தூரத்தில் இருந்தது.

நோய்ச் செய்தி பரவினால் தயாரிப்பாளர்கள் பயப்படுவார்கள், வாய்ப்புகள் நின்றுவிடும். ஆகவே குடும்பம் அதை மறைத்தது. மதுபாலா ஓய்வெடுக்கவில்லை. 1955-ல் குரு தத்தோடு 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55', 1958-ல் 'சல்தி கா நாம் காடி', 'ஹவுரா பிரிட்ஜ்', 'காலா பானி' என்று அவருடைய புகழ்பெற்ற படங்களில் பல, அந்த இரத்த வாந்திக்குப் பிறகு வந்தவைதான். திரையில் துள்ளிச் சிரிக்கும் அந்தப் பெண் நோயாளி என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

முறிந்த உறவும் முகலே ஆஸமும்

1951-ல் வந்த 'தரானா' படத்தின்போது மதுபாலாவுக்கும் திலீப் குமாருக்கும் இடையே நேசம் மலர்ந்தது. யூசுஃப் கான் என்ற இயற்பெயர் கொண்ட திலீப் குமாரும் பெஷாவரைச் சேர்ந்தவர். திருமணம் வரை பேச்சு போனது.

1956-ல் பி.ஆர்.சோப்ராவின் 'நயா தவுர்' படத்தில் இருவரும் ஒப்பந்தமானார்கள். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு போபால் பக்கம் மகளை அனுப்ப அதாவுல்லாஹ் கான் மறுத்தார். சோப்ரா அவரை நீக்கிவிட்டு நம் ஊர் வைஜெயந்திமாலாவைக் கதாநாயகியாக்கினார். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. திலீப் குமார் சோப்ராவின் பக்கம் சாட்சி சொன்னார். தந்தைக்கும் காதலருக்கும் நடுவே நின்ற மதுபாலா தந்தையை விட்டு வரவில்லை. உறவு அத்தோடு முடிந்தது.

ஆனால் கே.ஆசிஃபின் 'முகலே ஆஸம்' முடியவில்லை. பல ஆண்டுகளாக எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்தப் படத்தில் திலீப் குமார் இளவரசர் சலீம், மதுபாலா அனார்கலி. நேரில் பேசிக்கொள்ளாத இருவரும் கேமரா முன் காதலர்களாக நடித்தார்கள். சங்கிலிகளின் கனத்தால் மதுபாலாவின் உடம்பில் காயங்கள் ஏற்பட்டன. காட்சி முடிந்ததும் அவர் படுக்கையில் கிடப்பார், மறுபடி எழுந்து வருவார்.

1960 ஆகஸ்ட் 5 அன்று படம் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. தமிழிலும் 'அக்பர்' என்ற பெயரில் வந்தது. ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருதுக்கு மதுபாலாவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. விருது வேறொருவருக்குப் போனது. நடிப்பைவிட அழகைப் பற்றியே அதிகம் பேசப்பட்ட அவருக்கு, 'முகலே ஆஸம்' தன் திறமையை நிரூபித்த படமாக அமைந்தது. அதை அனுபவிக்க உடம்பில் தெம்பில்லை.

கடைசி ஒன்பது ஆண்டுகள்

அதே 1960-ல் பாடகரும் நடிகருமான கிஷோர் குமாரைத் திருமணம் செய்துகொண்டார். சிகிச்சைக்காக இருவரும் லண்டன் போனார்கள். அங்கிருந்த மருத்துவர்கள் அறுவை சிகிச்சைக்குத் துணியவில்லை. அதிகம் போனால் இரண்டு ஆண்டுகள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 27.

பம்பாய் திரும்பியவர் தம் காலத்தின் பெரும்பகுதியைப் பாலி ஹில்லில் இருந்த பிறந்த வீடான 'அரேபியன் வில்லா'வில் கழித்தார். கணவர் அவ்வப்போது வந்து பார்த்தார். மருத்துவர்கள் சொன்ன இரண்டு ஆண்டுகள் கடந்தன. மேலும் ஏழு ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார், பெரும்பாலும் நோய்ப்படுக்கையில். உடம்பில் அளவுக்கு மீறி ஊறிய இரத்தத்தை அவ்வப்போது வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த திரையுலகத்தினர் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தினார்கள்.

அப்படியும் அவர் வேலையை விடவில்லை. அறுபதுகளின் நடுவில் 'சாலாக்' என்ற படத்தில் மீண்டும் நடிக்க முயன்றார். உடம்பு தாங்கவில்லை, படம் நின்றது. நடிக்க முடியாவிட்டால் இயக்கலாம் என்று 1969-ல் 'ஃபர்ஸ் அவுர் இஷ்க்' என்ற படத்தை இயக்கத் திட்டமிட்டார். கடமையும் காதலும் என்பது அந்தத் தலைப்பின் பொருள். படம் தொடங்கும் முன்பே, 1969 பிப்ரவரி 23 அன்று அவர் காலமானார். திலீப் குமார் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது நல்லடக்கம் முடிந்திருந்தது.

மையவாடியில்

மும்பை சாந்தாகுரூஸில் உள்ள ஜுஹு மையவாடியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். குடும்பத்தினர் பளிங்குக் கல்லில் கல்லறை எழுப்பினார்கள். நாற்பது ஆண்டுகள் அது இருந்தது. மும்பையில் மய்யித்துகளை அடக்க இடம் போதவில்லை என்பதால், 2010-ல் அந்தக் கல்லறையும் முஹம்மது ரஃபி, சாஹிர் லூதியான்வி போன்றோரின் கல்லறைகளும் அகற்றப்பட்டு மண் நிரவப்பட்டது. ரசிகர்கள் வருந்தினார்கள். ஆனால் நம் மையவாடிகளின் வழக்கமே அதுதான். யாருக்கும் நிரந்தர இடம் இல்லை. இன்று ஒருவர் படுத்த மண்ணில் நாளை இன்னொருவர் படுப்பார். 2021-ல் திலீப் குமார் தமது 98-வது வயதில் இறந்தபோது அதே ஜுஹு மையவாடியில்தான் அடக்கப்பட்டார்.

2008-ல் இந்திய அஞ்சல் துறை மதுபாலாவுக்குத் தபால் தலை வெளியிட்டது. அவருடைய அழகைப் பற்றிய பேச்சும் ஓயவில்லை.

இன்று அவர் பிறந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பால் குடிக்கும்போது குழந்தைக்கு வேர்ப்பது, மூச்சு வாங்குவது, எடை கூடாமல் இருப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிப்பது ஆகியவை இதய ஓட்டையின் அறிகுறிகளாக இருக்கலாம். ஒரு எக்கோ பரிசோதனையில் அது தெரிந்துவிடும். உரிய வயதில் அடைத்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இதற்குச் சிகிச்சை பெறவும் வழி இருக்கிறது. பெண் குழந்தைதானே, இளைத்த உடம்பு என்று விட்டுவிடாமல் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மருத்துவத்தில் அடங்காத ஒரு கேள்வியும் மிஞ்சுகிறது. மும்தாஜ் ஜஹான் தன் குடும்பத்தைப் பசியிலிருந்து மீட்டாள். பெற்றோரையும் தங்கைகளையும் கடைசிவரை காப்பாற்றினாள். அது பெரிய காரியம். ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் அவளைச் சார்ந்திருந்ததால், அவள் களைத்துப்போகவோ படுக்கவோ யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. நம் குடும்பங்களிலும் சம்பாதிக்கும் ஒரே பிள்ளை இருக்கிறது. வெளிநாட்டில் மகனாக, அலுவலகத்தில் மகளாக, சில வீடுகளில் படிப்பை நிறுத்திக் கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவனாக. அடுத்த முறை அந்தப் பிள்ளை பேசும்போது, பணம் அனுப்பியாயிற்றா என்று கேட்பதற்கு முன்னால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கலாம்.